ஸ்லைடரை இழுத்தும் டைமர் ஏன் வேகமெடுக்கவில்லை?

கேள்வி: கல்லூரி புராஜெக்ட்டுக்காக ஜாவாவில் ஜன்னல், பட்டன் எல்லாம் செய்ய உதவும் ஸ்விங்கில் போட்டோ ஆல்பம் ஒன்று செய்கிறேன். படங்கள் தானாக மாற டைமர் வைத்து 60000 என்று கொடுத்தேன். முதல் படமே ஒரு நிமிடம் கழித்துத்தான் வருகிறது. வேகத்தை மாற்ற வைத்த ஸ்லைடரை இழுத்து 2000 ஆக்கினாலும் கொஞ்ச நேரம் சும்மா இருந்துவிட்டுத்தான் வேகமெடுக்கிறது. எங்கே தப்பு?

பதில்: தப்பு என்று சொல்ல முடியாது, பலரும் இங்கேதான் மாட்டுவார்கள். ஸ்விங் டைமருக்குள் இரண்டு எண்கள் உண்டு. ஸ்டார்ட் செய்ததும் முதல் தடவை அடிக்கக் காத்திருக்கும் நேரம் ஒன்று, அதன்பின் ஒவ்வொரு தடவைக்கும் நடுவே விடும் இடைவெளி இன்னொன்று. உருவாக்கும்போது நீங்கள் கொடுக்கிற ஒரே எண்ணை அது இரண்டுக்கும் வைத்துக்கொள்கிறது. கணக்கு மில்லிசெகண்டில் என்பதால் உங்கள் 60000 ஒரு நிமிடம், முதல் படத்துக்கும் அதே ஒரு நிமிடம். ஸ்டார்ட்டுக்கு முன்னால், அந்த முதல் காத்திருப்பை மாற்றும் 'செட் இனிஷியல் டிலே'யில் 0 போடுங்கள், படம் உடனே வந்துவிடும்.

ஸ்லைடர் விஷயம் கொஞ்சம் நுணுக்கமானது. 'செட் டிலே' மாற்றுவது இடைவெளியை மட்டும்தான், அதுவும் அடுத்த சுற்றிலிருந்து. ஏற்கெனவே வரிசையில் நிற்கும் அந்த ஒரு நிமிடக் காத்திருப்பை அது தொடாது. 10 செகண்ட் ஓடியபோது மாற்றினால் மீதி 50 செகண்ட் முடிந்த பிறகுதான் 2000 நடைமுறைக்கு வரும். உடனே வேண்டுமென்றால் 'ரீஸ்டார்ட்' கூப்பிட வேண்டும், ஆனால் ரீஸ்டார்ட் பார்ப்பது இனிஷியல் டிலேயை, நீங்கள்தான் அதை 0 ஆக்கி வைத்திருக்கிறீர்களே, ஸ்லைடரைத் தொட்டதுமே படம் தாவும். அதனால் ஸ்லைடர் நகரும்போது ஓடும் லிசனரில் இரண்டுக்கும் 2000 கொடுத்துவிட்டு அப்புறம் ரீஸ்டார்ட் செய்யுங்கள்.

இன்னொன்று, ஸ்லைடரை இழுக்கும்போது அந்த லிசனர் ஒரு தடவையல்ல, வழியெல்லாம் ஓடிக்கொண்டே இருக்கும். ஒவ்வொரு தடவையும் ரீஸ்டார்ட் ஆனால், இழுத்துக்கொண்டே இருக்கும்வரை டைமர் அடிக்கவே அடிக்காது. இன்னும் இழுக்கிறார்களா என்று சொல்லும் 'கெட் வேல்யூ இஸ் அட்ஜஸ்டிங்' ஃபால்ஸ் ஆன பிறகு மட்டும் மாற்றுவது நல்லது.

படங்களை, டைமர் அடிக்கும்போது ஓடும் ஆக்‌ஷனுக்குள்ளேயே ஃபைலிலிருந்து படிக்கிறீர்களா? அப்படியென்றால் பெரிய படம் வரும்போதெல்லாம் ஜன்னல் உறைந்து நிற்கும், ஏனென்றால் அந்த நிரல் ஓடுவது திரையைக் கவனித்துக்கொள்ளும் அதே திரெட்டில்தான், அதாவது ஒன்றன்பின் ஒன்றாக வேலைகள் ஓடும் அதே வரிசையில்தான். படிக்கும் வேலையைப் பின்னணியில் செய்து தரும் ஸ்விங் வொர்க்கரிடம் தள்ளிவிடுங்கள். சிலர் இதற்கு ஜாவா யுட்டில் என்ற தொகுப்பில் இருக்கும் இன்னொரு டைமரைச் சிபாரிசு செய்வார்கள், நான் செய்ய மாட்டேன். அதில் ஓடிக்கொண்டிருக்கும் டாஸ்க்கின் இடைவெளியை மாற்ற வழியே இல்லை, ரத்து செய்துவிட்டுப் புது டாஸ்க்தான் போட வேண்டும். திரையைத் தொடும் வேலையையும் நீங்களே ஸ்விங் திரெட்டுக்கு அனுப்ப வேண்டியிருக்கும்.