டட்சன் உண்மையிலேயே பெரிய பிராண்டா? அப்படியானால் இந்தியாவில் ஏன் போணியாகவில்லை?

கேள்வி: "மலேசியாவில் இருக்கும் மாமா தன் டட்சன் 120ஒய் காரை இன்னும் ஓட்டுகிறார், அதைப் போல வண்டி கிடையாது என்கிறார். இங்கே டட்சன் என்றாலே சிரிக்கிறார்கள். எது உண்மை? செகண்ட் ஹேண்டில் ரெடிகோ மலிவாகக் கிடைக்கிறது, வாங்கலாமா?"

உங்கள் மாமா சொல்வதும் உண்மை, இங்கே சிரிப்பவர்கள் சொல்வதும் உண்மை. அவர் ஓட்டும் டட்சனுக்கும் 2014 முதல் ஒரகடத்தில் தயாரான டட்சனுக்கும் பெயரைத் தவிர ஒட்டு உறவு எதுவும் இல்லை. பழைய டட்சன் மலிவாக வந்து, கொடுத்த காசுக்கு மேலேயே செய்தது. புதிய டட்சனில் எதையெல்லாம் கழற்றினால் விலை குறையும் என்று பார்த்தார்கள். கதையின் சாரம் இவ்வளவுதான்.

1911-ல் ஹஷிமோட்டோ மசுஜிரோ என்ற பொறியாளர் டோக்கியோவில் தொடங்கிய பட்டறையிலிருந்து வந்தது இந்தப் பெயர். பணம் போட்ட டென், அவோயாமா, தகேஉச்சி மூவரின் முதலெழுத்துகளைச் சேர்த்து 1914-ல் வந்த காருக்கு 'டாட்' என்று வைத்தார்கள். ஜப்பானில் 1930-ல் ஒரு விதி வந்தது: 500 சிசிக்கு உட்பட்ட வண்டிக்கு ஓட்டுநர் உரிமம் தேவையில்லை. உடனே 1931-ல் 495 சிசியில் ஒரு குட்டிக் கார் வந்தது. 'டாட்'டின் மகன் (சன்) என்ற பொருளில் வைத்த பெயர்தான் டட்சன் ஆனது. 1933-ல் வரம்பை 750 சிசி ஆக்கினார்கள். எஞ்சினும் 748 சிசி ஆனது. சட்டத்தின் ஓரத்தில் நின்று கார் செய்யும் கலை அன்றே இவர்களுக்குக் கைவந்திருந்தது. அதே சமயத்தில் தொழிலதிபர் அயிகாவா யோஷிசுகே நிறுவனத்தைத் தன் வசமாக்கினார், 1934-ல் அது நிசான் மோட்டார் ஆனது. அதன் பிறகு கம்பெனியின் பெயர் நிசான், சிறிய கார்களின் பெயர் டட்சன்.

இரண்டாம் உலகப் போருக்குப் பிறகு நிசானிடம் நல்ல எஞ்சின் இல்லை. 1952 டிசம்பரில் பிரிட்டனின் ஆஸ்டினுடன் ஒப்பந்தம் போட்டு ஏ40, ஏ50 கார்களை ஜப்பானிலேயே செய்தார்கள். அதற்காக வாங்கிய மெஷின்கள் எல்லாம் 1,489 சிசி எஞ்சினுக்கானவை. டட்சனுக்குத் தேவைப்பட்டதோ 1,000 சிசிக்குள் ஒன்று. டொனால்ட் ஸ்டோன் என்ற அமெரிக்கப் பொறியாளர் வழி சொன்னார்: புதிய எஞ்சின் வேண்டாம், அதே எஞ்சினில் ஸ்ட்ரோக்கை (பிஸ்டன் ஏறி இறங்கும் தூரத்தை) மட்டும் குறையுங்கள். 73 மி.மீ. போர் (சிலிண்டரின் விட்டம்) அப்படியே இருந்தது, 89 மி.மீ. ஸ்ட்ரோக் 59 ஆனது, 988 சிசி வந்தது. பெரிய எஞ்சினுக்காகச் செய்த போர், பேரிங் எல்லாம் இப்போது சின்ன எஞ்சினைத் தாங்கின. தாங்கும் சக்தி கூடியது. அதைத்தான் 'ஸ்டோன் எஞ்சின்' என்பார்கள்.

இந்த எஞ்சின் வைத்த டட்சன் 210 கார்கள் இரண்டை, ஃபூஜி, சகுரா என்று பெயரிட்டு, 1958-ல் ஆஸ்திரேலியாவைச் சுற்றும் மொபில்கேஸ் டிரையல் என்ற நெடுந்தூரப் பந்தயத்துக்கு அனுப்பினார்கள். ஏறக்குறைய 16,000 கி.மீ., பெரும்பாலும் மண் சாலை. அணித்தலைவர் கதாயாமா யுதாகா. ஃபூஜி தன் பிரிவில் முதலிடம் பிடித்தது. ஆனால் அதே ஆண்டு அமெரிக்காவில் காட்டப்பட்ட டட்சன், பிரீவேயில் வேகம் எடுக்கத் திணறியது. அடித்தால் தாங்கும், ஓடச்சொன்னால் ஓடாது என்ற நிலை.

அதை மாற்றியது 1967-ல் வந்த 510. இந்தியாவில் இந்தக் காரைப் பற்றிப் பேச்சே கிடையாது, ஆனால் டட்சனின் பெயருக்கு அடித்தளம் இதுதான். மேலே கேம் ஷாஃப்ட் வைத்த எல்16 எஞ்சின், 1,595 சிசி. முன்னால் மெக்ஃபர்சன் ஸ்ட்ரட், டிஸ்க் பிரேக். பின் சக்கரங்கள் இரண்டும் தனித்தனியாக ஏறி இறங்கும் சஸ்பென்ஷன். அன்றைக்கு இந்தச் சேர்க்கை பிஎம்டபிள்யூ 1600 மாதிரி விலை கூடின காரில்தான் இருக்கும். டட்சன் அதை அமெரிக்காவில் 2,000 டாலருக்குள் கொடுத்தது. (வேகன் மாடலில் மட்டும் பின்னால் பழைய பட்டை ஸ்பிரிங்தான். 510 தேடுகிறவர்கள் செடானையே துரத்துவதற்கு இதுவும் காரணம்.) பீட் பிராக்கின் பிஆர்ஈ அணி 510-ஐ வைத்து 1971, 1972 இரண்டு வருடமும் அமெரிக்க டிரான்ஸ்-ஆம் கார் பந்தயத்தின் 2.5 லிட்டர் பிரிவுப் பட்டத்தை எடுத்தது.

1969-ல் 240இசட் வந்தது. ஜப்பானில் அதன் பெயர் 'ஃபேர்லேடி'. அமெரிக்கக் கிளைக்குத் தலைவராக இருந்த கதாயாமா அந்தப் பெயரோடு ஸ்போர்ட்ஸ் கார் விற்க முடியாது என்று பேட்ஜைக் கழற்றவைத்து, 240இசட் என்று ஒட்டினார். 2,393 சிசி, ஆறு சிலிண்டர், 3,526 டாலர். முதல் தலைமுறை இசட் மட்டும் 5 லட்சத்துக்கு மேல் விற்றது.

தாங்கும் திறனுக்குச் சான்று வேண்டுமானால் கிழக்கு ஆப்பிரிக்க சஃபாரி ராலியைப் பாருங்கள். 1970-ல் 510, 1971-லும் 1973-லும் 240இசட், 1979 முதல் 1982 வரை தொடர்ந்து நான்கு முறை வயலட். 1973-லும் அந்த நான்கு முறையும் ஓட்டியவர் ஷேகர் மேத்தா, உகாண்டாவில் பிறந்த இந்திய வம்சாவளிக்காரர். ஐந்து சஃபாரி வெற்றி! நம் ஊர்ப் பத்திரிகைகள் கொண்டாடியிருக்க வேண்டிய ஆள்.

இனி மாமாவின் 120ஒய். கார் விமர்சகர்கள் இதை ஒருநாளும் புகழ்ந்ததில்லை: பின்னால் பட்டை ஸ்பிரிங், உள்ளே இடம் குறைவு. ஆனால் மலேசியாவில் டான் சோங் நிறுவனம் செகாம்புட்டில் இதை அசெம்பிள் செய்தது. அங்கே ஒரு தலைமுறைக்கே இதுதான் முதல் கார். இலங்கையில் இதன் அடுத்த தலைமுறையான சன்னி பி310 இன்றும் வாங்கி விற்கப்படுகிறது. தென்னாப்பிரிக்காவில் இதே ஏ வரிசை எஞ்சினோடு வந்த 1400 பிக்கப் 2008 வரை தயாரிப்பில் இருந்தது.

இந்த எஞ்சின் ஓடிக்கொண்டே இருப்பதில் மாயமில்லை. 120ஒய்-ல் இருக்கும் ஏ12 என்றால் 1,171 சிசி, இரும்பு பிளாக், அலுமினிய ஹெட், புஷ்ராட், ஐந்து மெயின் பேரிங். டைமிங் செயின்தான், பெல்ட் அறுந்துபோகும் பயமில்லை. ஒழுங்காக டேப்பட் (வால்வு இடைவெளி) பார்த்தால் போதும். முறை இதுதான்: எஞ்சினை நன்றாகச் சூடாக்கி அணைத்துவிட்டு வால்வு கவரைக் கழற்றுங்கள். நான்கு பிளக்கையும் எடுத்துவிட்டால் கிராங்கைக் கையால் சுற்றுவது சுலபம். முன்னாலிருந்து வால்வுகளை 1 முதல் 8 வரை எண்ணிக்கொள்ளுங்கள். 1-ஆம் வால்வு முழுதாக அமுங்கியிருக்கும்போது 8-ஐ அளக்க வேண்டும். 2 அமுங்கினால் 7, 3 என்றால் 6. எப்போதும் கூட்டுத்தொகை 9. இன்லெட், எக்ஸாஸ்ட் இரண்டுக்கும் சூட்டில் 0.35 மி.மீ. ஃபீலர் கேஜ் லேசான பிடிப்போடு நழுவ வேண்டும். லூஸாக இருந்தால் சத்தம் வரும், இழுவை கொஞ்சம் குறையும். டைட்டாக இருந்தால் சத்தமே வராது, ஆனால் வால்வு சரியாக மூடாமல் கருகும். ஆகவே 'சத்தமில்லாமல் ஓடுகிறது' என்று சந்தோஷப்படாதீர்கள். டிஸ்ட்ரிபியூட்டர் பாயின்ட் இடைவெளி 0.45 முதல் 0.55 மி.மீ. ரேடியேட்டரில் தண்ணீர் குறைந்து ஒருமுறை கொதித்தாலும் அலுமினிய ஹெட் வளையும், கேஸ்கெட் போகும். இந்த எஞ்சினைச் சாகடிப்பது பெரும்பாலும் இதுதான்.

எஞ்சினுக்கு முன்னால் பாடி போய்விடும். அந்தக் கால டட்சன்களின் பெரிய கெட்ட பெயர் துரு: முன் ஃபெண்டரின் பின்பக்க அடிப்பாகம், கதவுக்குக் கீழே உள்ள சில், கால் வைக்கும் தரை, பேட்டரி தட்டின் அடி. இசட் கார்களும் விதிவிலக்கில்லை. தரைவிரிப்பைத் தூக்கிப் பார்க்காமல் பழைய டட்சன் வாங்கக் கூடாது.

இவ்வளவு சம்பாதித்த பெயரை நிசானே 1981-ல் கைவிட முடிவு செய்தது. உலகமெங்கும் ஒரே பெயர், அதுவும் தாய்க் கம்பெனியின் பெயர் இருக்க வேண்டும் என்பது காரணம். கொஞ்ச காலம் இரண்டு பெயரும் சேர்ந்து காரில் இருந்தன, 1986-க்குள் டட்சன் மறைந்தது. டீலர்களின் போர்டு மாற்றவே கோடிக்கணக்கில் செலவு. வாடிக்கையாளருக்கு நிசான் யார் என்றே தெரியாத நாடுகளில் இதைச் செய்தார்கள். வியாபார முடிவுகளில் இதைவிட வீம்பானது எனக்குத் தெரிந்து குறைவு.

2012 மார்ச்சில் நிசானின் அன்றைய தலைவர் கார்லோஸ் கோன் அந்தப் பெயரைத் தூசி தட்டினார். இந்தியா, இந்தோனேசியா, ரஷ்யா, பிறகு தென்னாப்பிரிக்கா; முதல் கார் வாங்குபவர்களுக்கான மலிவு பிராண்ட். ரஷ்யாவில் லாடா கலினாவுக்கு டட்சன் முகம் மாட்டி விற்றார்கள். இந்தியாவில் 2014 மார்ச்சில் 3.12 லட்ச ரூபாய்க்கு வந்த 'கோ' அடிப்படையில் நிசான் மைக்ராவின் தளம். எஞ்சினும் மைக்ராவின் 1.2 லிட்டர் மூன்று சிலிண்டர், 68 குதிரைத்திறன். அதாவது சரக்கு நல்ல சரக்கு. இழுவையும் இடவசதியும் அந்த விலையில் வேறு யாரும் கொடுக்காதவை. ஆனால் உள்ளே உட்கார்ந்தால் விலை தெரிந்துவிடும். முன்னால் ஒரே வைப்பர். கிளவ் பாக்ஸுக்கு மூடி இல்லை. ஸ்டீரியோவுக்குப் பதிலாக மொபைல் சொருக ஒரு ஸ்டாண்ட். டேஷ்போர்டிலிருந்து இழுக்கும் ஹேண்ட் பிரேக். ஏர்பேக், ஏபிஎஸ் கிடையாது.

2014 நவம்பரில், கார்களை மோதவிட்டுப் பாதுகாப்பைச் சோதிக்கும் குளோபல் என்கேப் அமைப்பு இதை மணிக்கு 64 கி.மீ. வேகத்தில் மோதவிட்டுப் பெரியவர்கள் பாதுகாப்புக்குப் பூஜ்யம் கொடுத்தது. அதே சோதனையில் ஸ்விஃப்ட்டும் பூஜ்யம்தான், அந்த ஆண்டு ஜனவரியில் ஆல்டோ, ஐ10, நானோவும் பூஜ்யம். ஆனால் கோ விஷயத்தில் கூடுதலாக ஒன்று சொன்னார்கள்: பாடி கூடே குலைந்துபோகிறது, ஏர்பேக் வைத்தாலும் பிரயோஜனமில்லை. காரை விற்பனையிலிருந்து எடுக்கச் சொல்லி கோனுக்கே கடிதம் போனது. அப்போது இந்தியாவில் முன்மோதல் விதி அமலில் இல்லாததால், சட்டப்படி எல்லாம் சரி என்று நிசான் பதில் சொன்னது. 1930-களில் சட்டத்தின் ஓரம் காரை விற்றது. 2014-ல் அதே ஓரம் பெயரைக் கெடுத்தது.

ஆனாலும் பாதுகாப்பு ஒன்றாலேயே தோற்றது என்பதை நான் ஏற்க மாட்டேன். ரெனோ க்விட்டைப் பாருங்கள். 2016-ல் அதுவும் முதல் சோதனையில் பூஜ்யம்தான். ரெனோ-நிசான் கூட்டணியில் பிறந்ததால் ரெடிகோவும் க்விட்டும் ஒரே சிஎம்எஃப்-ஏ தளம், ஒரே எஞ்சின்கள், ஒரே ஒரகடம் தொழிற்சாலை. 2015 செப்டம்பரில் 2.57 லட்சத்துக்கு வந்த க்விட் எஸ்யூவி தோற்றமும், மேல் மாடலில் டச் ஸ்கிரீனும் காட்டி ஓடியது. 2016 ஜூனில் 2.39 லட்சத்துக்கு வந்த ரெடிகோ, விலை குறைவு என்பதைத் தவிர வேறு எதையும் முன்வைக்கவில்லை. முதல் கார் வாங்குபவர் தெருவே பார்க்கத்தான் வாங்குகிறார். 'ஏழைக்கான கார்' என்று ஷோரூமிலேயே சொல்லி விற்றால் அவர் எதிர் ஷோரூமுக்குப் போய்விடுவார். நானோவுக்கு நடந்ததும் இதுதான். 2020-ல் ரஷ்யாவிலும் இந்தோனேசியாவிலும், 2022 ஏப்ரலில் இந்தியாவிலும் கடை சாத்தியாயிற்று.

சரி, செகண்ட் ஹேண்ட் விஷயம். டவுனுக்குள் ஓட்ட, குறைந்த காசில் ஒரு வண்டி வேண்டும் என்றால் வாங்கலாம். தினமும் ஹைவேயில் குடும்பத்தோடு போக வேண்டாம். 2019-ல் சோதித்த ரெடிகோவுக்கு, டிரைவர் ஏர்பேக் இருந்தும், கிடைத்தது ஒரே ஸ்டார்.

ஸ்பேர் பற்றிப் பலரும் பயப்படுகிறார்கள். எஞ்சின், கியர் பாக்ஸ் சம்பந்தப்பட்டவை பெரும்பாலும் க்விட்டோடு பொதுவானவை, கோ என்றால் மைக்ராவோடு. நிசான் சர்வீஸும் தொடர்கிறது. சிக்கல் ஹெட்லைட், பம்பர், கதவு, கண்ணாடி போன்ற டட்சனுக்கே உரிய சாமான்களில்தான். ஆகவே விளக்கு உடைந்த, பம்பர் கீறிய வண்டியை 'பிறகு மாற்றிக்கொள்ளலாம்' என்று எடுக்காதீர்கள். நிசான் சர்வீஸ் சென்டரில் அந்தச் சாமான் கிடைக்குமா, என்ன விலை என்று கேட்டுவிட்டு அதைப் பேரத்தில் கழியுங்கள்.

800 சிசியை விட்டு 1.0 லிட்டரை எடுங்கள்: 54-க்கு 68 குதிரைத்திறன். ஏசி போட்டு நான்கு பேர் ஏறினால் அந்த வித்தியாசம் தெரியும். ஆர்சியில் தயாரிப்பு மாதத்தைப் பாருங்கள். 2019 ஏப்ரல் முதல் ஏபிஎஸ், ஜூலை முதல் டிரைவர் ஏர்பேக் எல்லாக் காருக்கும் கட்டாயம், அதற்குப் பிந்தைய வண்டியே நல்லது. கோ என்றால் 2018 அக்டோபரில் வந்த புதிய முக மாடலிலிருந்து இரண்டு ஏர்பேக்கும் ஏபிஎஸ்ஸும் உண்டு.

காலையில் எஞ்சின் குளிர்ந்திருக்கும்போதே போய் ஸ்டார்ட் செய்யுங்கள். மூன்று சிலிண்டர் என்பதால் ஐடிலில் லேசான அதிர்வு சகஜம். கியர் லீவரும் ஸ்டியரிங்கும் சேர்ந்து உதறினால் எஞ்சின் மவுண்ட் போயிருக்கும். சின்னப் பள்ளத்தில் முன்னால் டொக் டொக் என்றால் லிங்க் ராட், லோயர் ஆர்ம் புஷ், ஸ்ட்ரட் மவுண்ட் மூன்றையும் பார்க்கச் சொல்லுங்கள். ஏஎம்டி (கிளட்ச் மிதி இல்லாமல் தானே கியர் மாறும்) வண்டியை மேட்டில் நிறுத்தி எடுத்துப் பாருங்கள். உதறி ஏறினால் கிளட்ச் செலவு காத்திருக்கிறது.

தகடு மெல்லிசு என்பதால் அடிபட்டு டிங்கரிங் ஆனவை நிறைய. பேனட்டைத் தூக்கி, இரண்டு பக்க ஏப்ரனிலும் (முன் சக்கரத்துக்கு மேலே உள்ள உள் தகட்டிலும்) கம்பெனி ஸ்பாட் வெல்டிங்கைப் பாருங்கள்: சீரான இடைவெளியில் வட்ட வட்டமாகக் குழி இருக்கும். அந்த இடத்தில் நீளக்கோடாக வெல்டிங்கோ புதிய சீலன்ட்டோ இருந்தால் முன்பக்கம் மோதியது உறுதி. பிறகு சாவியைத் திருப்பி ஏர்பேக் விளக்கைக் கவனியுங்கள். சில வினாடி எரிந்து அணைய வேண்டும். அணையாமல் எரிந்தால் கோளாறு என்று எல்லோருக்கும் தெரியும். விளக்கு எரியவே இல்லை என்றால், வெடித்த ஏர்பேக்கை மாற்றாமல் மூடியை ஒட்டி, விளக்கைத் துண்டித்திருக்க வாய்ப்பு அதிகம். விலை எவ்வளவு இறங்கினாலும் அந்த வண்டி வேண்டாம்.