காஹுமானு: ஹவாயின் இணை அரசி பற்றிக் கேள்வி பதில்

கேள்வி: ஹவாயில் பெண்கள் வாழைப்பழம் சாப்பிடக் கூடாது என்ற தடையைப் பாதிரிமார்கள்தானே சார் ஒழித்தார்கள்?

பதில்: இல்லை. பலரும் அப்படித்தான் நினைக்கிறார்கள். 'கபு' என்ற அந்தக் கட்டுப்பாட்டில் பன்றிக்கறி, தேங்காய், பெரும்பாலான வாழை வகைகள் எல்லாம் பெண்களுக்கு விலக்கு. ஆண்களோடு உட்கார்ந்து சாப்பிடவும் கூடாது. மீறினால் உயிர் போகலாம். 1819 மே மாதம் ஹவாய் மன்னர் முதலாம் கமேஹமேஹா இறந்தார். அவர் மனைவியரில் செல்வாக்கு மிகுந்த காஹுமானு, "உன்னோடு சேர்ந்து நானும் ஆள வேண்டும் என்பது மன்னர் விருப்பம்" என்று இளவரசர் லிஹோலிஹோவிடம் சொல்லி இணை ஆட்சியாளரானார். லிஹோலிஹோவின் தாய் கேயோபுவோலானியும் இவர் பக்கம். இருவரும் நெருக்கியதில், அதே ஆண்டு நவம்பரில் புது மன்னர் பெண்களோடு பந்தியில் உட்கார்ந்தார். அதோடு கபு ஒழிந்தது, கோயில்களையும் இடிக்கச் சொல்லிவிட்டார்கள். பழைய முறைக்காகப் படை திரட்டிய கெகுவாவோகலானி குவாமோ போரில் மாண்டார். அமெரிக்கப் புராட்டஸ்டன்ட் பாதிரிமார் வந்து இறங்கியதே 1820-இல்தான்.

கேள்வி: தந்தை, மகன் இருவரையும் மணந்தாராமே?

பதில்: ஆமாம். கவாய் தீவின் ஆட்சியாளர் கவுமுவாலியையும் அவர் மகனையும் 1821-இல் மணந்தார். காதல் கதை தேடாதீர்கள், அந்தத் தீவைக் கைக்குள் வைத்திருக்கும் அரசியல் அது. கிறிஸ்தவம் தழுவியபோது மகனை விலக்கிவிட்டார்.

கேள்வி: கபுவை உடைத்தவரே ஏன் மதம் மாறினார்?

பதில்: உடனே மாறிவிடவில்லை. முதலில் பாதிரிமார்களை அவர் பெரிதாக மதிக்கவே இல்லை. எழுதப் படிக்கக் கற்றார், 1825 டிசம்பரில்தான் எலிசபெத் என்ற பெயரில் ஞானஸ்நானம் பெற்றார். என் கணிப்பு இது: கபு போனபின் ஆட்சிக்குப் பின்பலமாக ஒரு மதம் இல்லை, அந்த இடத்தில் பைபிள் கட்டளைகளை வைத்தார். கொலை, திருட்டு, ஓய்வுநாளில் வேலை எல்லாவற்றுக்கும் 1824-லேயே தடை அறிவித்துவிட்டார், ஞானஸ்நானத்துக்கு முன்பே! அப்புறம் 1830-இல் ஹவாயின் மரபு நடனமான ஹுலாவைப் பொதுவில் ஆடத் தடை, 1831-இல் கத்தோலிக்கக் குருமார்கள் நாடுகடத்தல். பாதிரிமார் கைப்பாவை என்று இவரைச் சொல்வதை நான் ஏற்கமாட்டேன். கத்தோலிக்கராக மாறிய உள்ளூர் மக்களைத் தண்டித்ததற்கும் அவர்தான் பொறுப்பு.

கேள்வி: எரிமலைத் தெய்வம் பெலேயை எதிர்த்தவர் இவரா?

பதில்: அது கபியோலானி என்ற வேறொரு தலைவி. 1824-இல் கிலாவேயா எரிமலையில்.

கேள்வி: இவருக்குப் பின் பதவி யாருக்கு?

பதில்: 1832 ஜூனில் மனோவா பள்ளத்தாக்கில் இறந்தார். அடுத்ததும் ஒரு பெண்தான்: கமேஹமேஹாவின் மகள் கினாவு.