அண்ணருடன் வரம்புத் தகராறு: நற்கருணை வாங்கலாமா?

மல்லாவிப் பக்கத்திலிருந்து ஒரு வாசகர் கேட்கிறார்: "மீள்குடியேறி வந்தபோது எங்கள் வயலில் எல்லைக் கட்டை ஒன்றுகூட மிஞ்சியிருக்கவில்லை. வரம்பை நான்தான் போட்டேன். தன் காணிக்குள் தள்ளி நான் வரம்பு போட்டுவிட்டதாக அண்ணர் சொல்கிறார். பல வருடமாகப் பேச்சு இல்லை. மத்தேயு 5:23-24ஐப் பிரசங்கத்தில் கேட்ட நாளிலிருந்து நான் நற்கருணை வாங்குவதில்லை, காணிக்கையும் போடுவதில்லை. அண்ணரும் அதே கோயிலுக்குத்தான் வருகிறார். நான் செய்வது சரியா? சமாதானம் சொல்லும் நேரத்தில் போய் அவருக்குக் கை கொடுக்கலாமா?"

நீங்கள் வசனத்தின் பாதியில் நின்றுவிட்டீர்கள். காணிக்கையைப் பீடத்தின் முன் வைத்துவிட்டுப் போ, சகோதரனோடு ஒப்புரவாகு, பிறகு வந்து செலுத்து என்பதுதான் இயேசுவின் சொல். நீங்கள் வைத்துவிட்டீர்கள், ஆனால் போகவில்லை. வழிபாட்டை விட்டு ஒதுங்கியிருக்கும்படி அவர் யாரிடமும் கேட்கவில்லை. இதை அவர் சொன்னது கலிலேயாவில். அந்த மக்களுக்குப் பலிபீடம் என்றால் எருசலேமில் இருந்ததுதான். அங்கே போய்ச் சேர மூன்று நாளளவு நடை. அவ்வளவு தூரம் கொண்டுவந்த பலியை விட்டுவிட்டு ஊருக்குத் திரும்பு, பேசு, மறுபடியும் நடந்து வா என்கிறார். உங்கள் அண்ணர் அதே பங்கில்தான் இருக்கிறார்.

இன்னொன்றையும் கவனியுங்கள். உனக்கு அவர்மேல் மனத்தாங்கல் இருந்தால் என்று அங்கே சொல்லியிருக்கவில்லை. அவருக்கு உன்மேல் இருந்தால் என்றே இருக்கிறது. எழுந்து போக வேண்டியவர் பாதிப்பைச் செய்தவர். இதை மறந்து, இந்த வசனத்தைப் பாதிக்கப்பட்டவர்களின் தலையில் சுமத்துவது பெரிய அநியாயம். 2017 பெப்ரவரி 20ஆம் திகதி கிளிநொச்சியில் போராட்டம் தொடங்கி, காணாமல் ஆக்கப்பட்ட பிள்ளைகளைத் தேடும் தாய்மாரிடம் "முதலில் சமாதானமாகுங்கள்" என்று சொல்ல இந்த வசனம் எவருக்கும் இடம் கொடுக்கவில்லை. அவர்கள் கேட்பது நீதி. அதைக் கேட்டுக்கொண்டே அவர்கள் தாராளமாகப் பீடத்தருகே வரலாம்.

உங்கள் விடயத்தில் மனத்தாங்கல் அண்ணருக்கு. வரம்பைப் போட்டவர் நீங்கள். ஆகவே நீங்கள்தான் போக வேண்டும். காலபோக விதைப்பு நேரத்தில் வேண்டாம். அந்த நாட்களில் வரம்பு இருவர் கண்ணிலும் குத்தும். மூப்பரையோ கோயில் சபையாரையோ கூட்டிக்கொண்டு போகாதீர்கள். மத்தேயு 18ஆம் அதிகாரத்திலும் முதற்படி இருவரும் தனியே பேசுவதுதான். ஒன்றிரண்டு பேரை அழைப்பது அதற்குப் பிறகு. காணி உறுதியும் அளவைப் படமும் வீட்டிலேயே இருக்கட்டும். "அண்ணை, உங்களைக் கேட்காமல் நான் வரம்பு போட்டது பிழை" என்று சொல்லுங்கள். வரம்பு சரியான இடத்தில்தான் இருக்கிறது என்று நாளை தெரியவந்தாலும் இந்தச் சொல் உண்மையாகவே இருக்கும். அதற்குப் பிறகு "ஆனால்" என்று தொடங்க நாக்கு துடிக்கும். தொடங்காதீர்கள். முதல் நாள் அவர் பேசட்டும், நீங்கள் கேளுங்கள்.

கோயிலில் கை கொடுக்கும் கேள்விக்கு வருகிறேன். சகோதரனோடு பிணக்கு உள்ளவர் ஒப்புரவாகும் வரை கூட்டத்தில் சேரக்கூடாது என்று திதக்கே என்ற ஆதித் திருச்சபை நூலின் 14ஆம் அதிகாரம் சொல்கிறது. இரண்டாம் நூற்றாண்டில் புனித யுஸ்தீன் விவரிக்கும் வழிபாட்டில் சமாதான முத்தம் முடிந்த பிறகே அப்பமும் கிண்ணமும் கொண்டுவரப்படுகின்றன. தென்னிந்தியத் திருச்சபையின் வழிபாட்டில் இன்றும் சமாதானம் காணிக்கைக்கு முன்பு வருகிறது. கத்தோலிக்கத் திருப்பலியில் அது கர்த்தர் கற்பித்த செபத்துக்குப் பின், நற்கருணைக்கு முன் வருகிறது; 2014இல் வத்திக்கான் இதை ஆராய்ந்து, இருந்த இடத்திலேயே விட்டது. எந்த இடத்தில் வந்தாலும், நீங்கள் முதன்முதலாகப் பேசும் இடம் அதுவாக இருக்கக்கூடாது. ஊரே பார்த்திருக்கக் கை நீட்டினால் அண்ணர் நெருக்குப்பட்டுப்போவார். முதலில் வீடு, பிறகு கோயில்.

அவர் கதவைத் திறக்காவிட்டால்? உங்களால் ஆனமட்டும் எல்லோரோடும் சமாதானமாக இருங்கள் என்று உரோமையர் 12:18 சொல்கிறது. அவருடைய பங்கை நீங்கள் செய்ய முடியாது. உங்கள் மனதில் பகை இருந்தால் பங்குத்தந்தையிடம் பாவசங்கீர்த்தனம் செய்யுங்கள். போய்க் கேட்டதையும் அவரிடம் சொல்லுங்கள். நற்கருணை வாங்குங்கள், காணிக்கையும் போடுங்கள். நத்தாருக்கோ மடு ஆவணித் திருநாளுக்கோ மறுபடியும் போய்க் கூப்பிடுங்கள்.

காணிப் பிரச்சினை மன்னிப்புக் கேட்பதால் தீராது. அதைத் தனியாகத் தீர்க்க வேண்டும். அனுமதிப்பத்திரக் காணி என்றால் பிரதேச செயலகத்தின் காணிப் பிரிவில் கேளுங்கள். உறுதிக் காணி என்றால் உரிமம் பெற்ற நில அளவையாளர் வேண்டும். இருவருக்கும் இணக்கம் வராவிட்டால் மத்தியஸ்த சபைக்குப் போகலாம். 1988ஆம் ஆண்டின் 72ஆம் இலக்கச் சட்டப்படி இயங்கும் இந்தச் சபை தீர்ப்பு வழங்குவதில்லை. இரு தரப்பும் உடன்படக்கூடிய முடிவைத் தேட உதவுகிறது. நீங்கள் கேட்ட வசனத்துக்கு அடுத்த வசனமே, நீதிமன்றத்துக்குப் போகும் வழியிலேயே எதிராளியோடு உடன்பாடு செய்துகொள் என்கிறது. எப்படி அளந்தாலும் அளவையாளரை இருவரும் சேர்ந்தே தெரிவு செய்யுங்கள், செலவைப் பாதிப் பாதியாகப் போடுங்கள், கட்டை நடும் நாளில் அண்ணர் வயலில் நிற்கும்படி பார்த்துக்கொள்ளுங்கள்.