ராமேஸ்வரத்துக்குப் பிள்ளைகளோடு வருகிறீர்களா? கேட்டவர்களுக்கு என் பதில்கள்

நான் பாம்பனில் பிறந்து வளர்ந்தவள். அப்பா நாட்டுப்படகுக்காரர். கல்யாணம் ஆகி ராமநாதபுரத்தில் இருக்கிறேன். கோடை விடுமுறை வந்தால் போதும், சொந்தக்காரப் பிள்ளைகள் பத்துப் பேராவது வீட்டில் வந்து இறங்கிவிடுவார்கள், அத்தனை பேரையும் கடலுக்குக் கூட்டிப்போய்ப் பத்திரமாகத் திரும்பக் கொண்டுவருவது என் பொறுப்பு. அந்த அனுபவத்தில் சொல்கிறேன், கேளுங்கள்.

திருப்பூர் அப்பா: மே மாதம் மூன்று நாள் வருகிறோம் அக்கா. பிள்ளைகளுக்கு நாலு வயது, ஒன்பது வயது. எந்தக் கடற்கரையில் தைரியமாகக் குளிக்க விடலாம்?

தம்பி, முதலில் ஒன்றைத் தெரிந்துகொள்ளுங்கள். ராமேஸ்வரத்துக்கு இரண்டு கடல். வடக்கே பாக் நீரிணைப் பக்கம் இருப்பதைப் பெண் கடல் என்பார்கள், தெற்கே மன்னார் வளைகுடாவை ஆண் கடல் என்பார்கள். எது சாந்தமாக இருக்கும் என்பதைக் காற்றுதான் முடிவு செய்யும். மே மாதம் கச்சான் காற்று எழும்ப ஆரம்பித்துவிடும், அது தென்மேற்கிலிருந்து வருவதால் தென்கடல் கொந்தளிக்கும், அதே நாளில் வடகடல் குளம் மாதிரி கிடக்கும். ஐப்பசி கார்த்திகையில் வாடைக்காற்று வந்தால் அப்படியே தலைகீழ், வடகடல் பக்கம் அலை அடிக்கும். அதனால் உங்கள் தேதிக்கு வடகடல்தான்.

இடம் கேட்டால் என் ஓட்டு அரியமானுக்கு. ராமநாதபுரத்திலிருந்து ராமேஸ்வரம் போகிற சாலையில் உச்சிப்புளி பக்கம் வடக்கே திரும்ப வேண்டும். சவுக்கு மர நிழல் இருக்கிறது, கடல் நெடுந்தூரம் ஆழமில்லாமல் போகும், நாலு வயதுப் பிள்ளை உட்கார்ந்து விளையாட முழங்காலளவு தண்ணீர் தாராளமாகக் கிடைக்கும். கோயிலுக்கு எதிரே அக்னி தீர்த்தமும் அமைதியான கடல்தான், ஆனால் கூட்டம் அதிகம், விட்டுப்போன துணிகள் காலில் சிக்கும், பிள்ளை கை நழுவினால் கண்டுபிடிப்பது சிரமம். அதை முங்கி எழுவதோடு முடித்துக்கொண்டு, விளையாட்டுக்கு அரியமான் போங்கள். காலை ஆறிலிருந்து ஒன்பது, அப்புறம் மாலை நாலரைக்கு மேல். நடுப்பகலில் மணலில் கால் வைக்க முடியாது.

இரட்டைப் பிள்ளைகளின் அம்மா: தனுஷ்கோடி அரிச்சல்முனையில் எல்லோரும் இறங்கிக் குளிக்கிறார்களே, நாங்களும் ஓரமாக இறங்கலாமா?

வேண்டாம். அங்கே ஓரம் என்றே ஒன்று கிடையாது. இரண்டு கடலும் முட்டும் முனை அது, கரையிலிருந்து சில அடியிலேயே பள்ளம், நீரோட்டம் பக்கவாட்டில் இழுக்கும். எச்சரிக்கைப் பலகை சும்மா வைக்கவில்லை.

என் தம்பிக்குப் பன்னிரண்டு வயதில் நடந்ததைச் சொல்கிறேன். நீச்சல் தெரிந்த பையன், கடல்காரன் மகன். தென்கடலில் ஒரு இடத்தில் மட்டும் அலை உடையாமல் தண்ணீர் அமைதியாக இருக்கிறதே என்று அங்கே இறங்கினான். உண்மையில் கரைக்கு வந்த அலைத்தண்ணீர் எல்லாம் திரும்பிப் போகிற வாய்க்கால் அதுதான். கண் மூடித் திறப்பதற்குள் இருபது முப்பது அடி தள்ளிப் போய்விட்டான். கரையைப் பார்த்து நீந்தி நீந்திக் களைத்தவனைப் பார்த்து அப்பா "பக்கவாட்டில் போடா, பக்கவாட்டில் போடா" என்று கத்தியது இன்னும் காதில் இருக்கிறது. கரையை ஒட்டிப் பக்கவாட்டில் நீந்தினான், இழுவை விட்டது, அலையே அவனைக் கொண்டுவந்து போட்டது. பிள்ளைகளுக்கு இந்த ஒன்றைச் சொல்லிக் கொடுத்துவிட்டுக் கூட்டி வாருங்கள்: அலை உடையாத இடத்தைப் பார்த்து ஏமாறக்கூடாது, இழுத்தால் எதிர்த்து நீந்தக்கூடாது.

கோவை அம்மா: என் மகளுக்கு மூன்று வயது. கடல் சத்தம் கேட்டாலே அழுகிறாள். பழக்குவது எப்படி?

இந்தக் கேள்வி எனக்கு ரொம்பப் பிடித்தது. தூக்கிக்கொண்டு போய் அலையில் முக்குகிற வேலையை மட்டும் செய்யாதீர்கள், அது ஆயுசுக்கும் பயமாகத் தங்கிவிடும். முதல் நாள் கடலுக்கு முதுகு காட்டி, ஈர மணல் முடிந்து காய்ந்த மணல் தொடங்குகிற இடத்தில் அவளோடு உட்காருங்கள். அங்கே சுண்டு விரல் போகிற அளவில் ஓட்டைகள் இருக்கும். பேசாமல் ஐந்து நிமிடம் பாருங்கள். முதலில் தீக்குச்சித் தலை மாதிரி இரண்டு கண் மேலே வரும். அப்புறம் மணல் நிறத்திலேயே ஒரு நண்டு பக்கவாட்டில் வெளியே வந்து, காலில் அணைத்துக் கொண்டுவந்த மண் உருண்டையை வாசலில் வீசிவிட்டு, நீங்கள் மூச்சு விட்டாலும் உள்ளே ஓடிவிடும். சங்க காலத்து நெய்தல் பாட்டுகளிலேயே பெண்பிள்ளைகள் அலவன் என்ற இந்த நண்டைத் துரத்தி விளையாடினார்கள், மணலில் சிற்றில் என்ற சின்ன வீடு கட்டினார்கள், வண்டல் பாவை என்ற மணல் பொம்மை செய்தார்கள், கடல் வந்து பாவையை அழித்துவிட்டது என்று அழுதார்கள். உங்கள் மகளும் அதையே செய்யட்டும். நண்டைத் துரத்திக்கொண்டு போகிறவள் தன்னை அறியாமல் தண்ணீரில் கால் வைத்துவிடுவாள். என் நாத்தனார் மகள் அப்படித்தான் பழகினாள், மூன்று நாள் ஆனது.

இன்னொன்று, தனுஷ்கோடி போனால் அங்குள்ள குடும்பங்களிடம் ஊற்றைக் காட்டச் சொல்லிக் கேளுங்கள். கடலுக்குக் கூப்பிடு தூரத்தில் மணலில் சில அடி தோண்டிய குழி, அடியில் தெளிந்த தண்ணீர், நாக்கில் வைத்தால் நல்ல தண்ணீர். மழைத்தண்ணீர் மணலில் இறங்கி, உப்புத் தண்ணீரைவிட எடை குறைவு என்பதால் அதன் மேலேயே மிதந்து நிற்கிறது. அதனால்தான் ஆழமாகத் தோண்டினால் உப்பு வந்துவிடும். அகப்பையால் கொஞ்சம் கொஞ்சமாக மொண்டு குடத்தை நிரப்புவார்கள். அது அவர்கள் குடிக்கிற தண்ணீர், பிள்ளைகளைச் செருப்போடு கிட்டே விடாதீர்கள்.

சேலத்திலிருந்து ஒருவர்: பாம்பன் பாலத்தை எங்கே நின்று பார்ப்பது? காரில் வருகிறோம்.

சாலைப் பாலத்தில் வண்டியை நிறுத்தி இறங்குகிற பழக்கம் வேண்டாம், பின்னால் பஸ் வரும், காற்று ஆளைத் தள்ளும். நான் சொல்வது வேறு. அப்பாவோ மாமாவோ காரை ஓட்டிக்கொண்டு வரட்டும், பிள்ளைகளை மட்டும் ராமநாதபுரத்திலோ மண்டபத்திலோ ரயிலில் ஏற்றி ராமேஸ்வரம் வரை கூட்டி வாருங்கள். ஜன்னலுக்குக் கீழே கடல் தவிர ஒன்றும் தெரியாது, எந்தப் பிள்ளையும் அந்தச் சில நிமிடம் வாயைத் திறக்காது.

1914 பிப்ரவரியில் திறந்த பழைய பாலத்தில் கப்பலுக்கு வழிவிட இரண்டு பக்கமும் கதவு மாதிரி மேலே தூக்கும், அதை ஆட்கள் நின்று கையால் சுற்றித்தான் திறப்பார்கள். நாங்கள் சின்ன வயதில் பள்ளிக்கூடத்தை மறந்து அதை வேடிக்கை பார்த்திருக்கிறோம். 2022 டிசம்பரில் அதில் ரயிலை நிறுத்தினார்கள். 2025 ஏப்ரல் 6 முதல் புதுப்பாலம். அதில் நடுவில் 72.5 மீட்டர் நீளத் துண்டு லிஃப்ட் மாதிரி அப்படியே நேராக மேலே போகும், இந்தியாவில் கடல் மேல் இப்படி ஒன்று இதுதான் முதல். தூக்குகிற நேரம் வாய்த்தால் அதிர்ஷ்டம்தான், பாம்பன் ஊருக்குள் கரையில் நின்று பார்க்கலாம்.

விருதுநகர் மருமகள்: மாமனார் மாமியார் 22 தீர்த்தமும் ஆட வேண்டும் என்கிறார்கள். கைக்குழந்தையும் இருக்கிறது.

பெரியவர்கள் ஆடட்டும், நீங்களும் குழந்தையும் வேண்டாம்மா. வாளி வாளியாகத் தலையில் ஊற்றுவார்கள், தரை முழுக்க ஈரம், வழுக்கும். விடியற்காலை போனால் வரிசை குறைவு. ஈர உடையோடு சன்னதிக்கு விடமாட்டார்கள், மாற்றுத்துணியை நீங்கள் வைத்துக்கொண்டு மூன்றாம் பிரகாரத்தில் உட்காருங்கள். அந்தத் தூண் வரிசையில் குழந்தை தவழ இடம் இருக்கிறது, குளிர்ச்சியாகவும் இருக்கும்.

மதுரை அண்ணன்: மே மாதம் நல்ல மீன் கிடைக்குமா? பிள்ளைகளுக்கு முள் எடுக்கத் தெரியாது.

ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் விசைப்படகுகளுக்குத் தடைக்காலம் அண்ணே, மீன் முட்டையிட்டுப் பெருகுகிற நேரம். விலை ஏறியிருக்கும், கடையில் ஐஸில் கிடந்ததும் வரும். ஆனால் நாட்டுப்படகுகள் கரையோரம் போய்வரும், காலையில் அவர்கள் வந்து இறங்குகிற இடத்தில் நின்றால் நகரை, நண்டு, கணவாய் எல்லாம் அன்றையதாகவே கிடைக்கும். பிள்ளைகளுக்குக் கணவாய், இல்லையென்றால் சீலா. உங்கள் ஊரில் வஞ்சிரம் என்பதைத்தான் நாங்கள் சீலா என்போம். நடு முள்ளை எடுத்துவிட்டால் பயமில்லை. வாங்கும்போது செவுளைத் தூக்கிக் காட்டச் சொல்லுங்கள், சிவப்பாக இருக்க வேண்டும்.

பெங்களூரிலிருந்து: 15 வயது மகன். "பீச்சில் என்ன இருக்கிறது, போர்" என்கிறான். என்ன செய்யலாம்?

அவனுக்கு தனுஷ்கோடி. கடலுக்காக இல்லை, ஊருக்காக. 1964 டிசம்பர் 22 இரவு பாம்பனிலிருந்து தனுஷ்கோடிக்குக் கிளம்பிய பாசஞ்சர் ரயில் ஊருக்குக் கிட்டே வந்துவிட்ட நேரம், புயலலை அடித்து மொத்த ரயிலும் போனது. அதில் மட்டும் நூற்றுக்கும் மேற்பட்டோர் இறந்தார்கள், ஊரும் போனது. அதற்கு முன்பு சென்னையில் டிக்கெட் எடுத்தால் ரயிலில் தனுஷ்கோடி, அங்கிருந்து கப்பலில் தலைமன்னார், மறுபடி ரயில் என்று கொழும்பு வரை போகலாம், போட் மெயில் என்ற பெயரே அதனால்தான். என் ஆச்சி அந்தக் கப்பலைப் பார்த்தவர்.

இடிந்த மாதா கோயில் சுவர் நிற்கிறது. மகனைக் கிட்டே போய்த் தொட்டுப் பார்க்கச் சொல்லுங்கள். கல்லில் தேன்கூடு மாதிரிக் கண்கண்ணாக இருக்கும், சில இடத்தில் பூ விரிந்த மாதிரி. அது மலைக்கல் இல்லை, பவளப்பாறை. ஒரு காலத்தில் உயிரோடு கடலுக்குள் இருந்தது. பெயர்த்து எடுக்காமல் தொட்டால் மட்டும் போதும். இருட்டுவதற்கு முன்பே எல்லோரையும் திருப்பி அனுப்பிவிடுவார்கள், மதியம் மூன்று மணிக்காவது போய்ச் சேருங்கள்.

ஜனவரி, பிப்ரவரியில் வந்தால் பூநாரைகளையும் பார்க்கலாம், கோதண்டராமர் கோயில் பக்கத்து நீர்ப்பரப்பில் கூட்டமாக நிற்கும். 2025இல் அந்தப் பகுதியைச் சரணாலயமாக அறிவித்திருக்கிறார்கள். பைனாகுலர் இருந்தால் கொண்டுவாருங்கள், கிட்டே போய் விரட்டிப் பறக்கவைத்து வீடியோ எடுக்க வேண்டாம்.

திருச்சி அக்கா: படகில் தீவுக்குப் போகலாமா?

ராமேஸ்வரத்துக்கும் தூத்துக்குடிக்கும் நடுவில் 21 தீவுகள், எல்லாம் கடல்சார் தேசியப் பூங்கா. யாராவது தனியாக "நான் கூட்டிப்போகிறேன்" என்றால் ஏறாதீர்கள், அனுமதி இல்லாமல் தீவில் இறங்கக்கூடாது. வனத்துறை குருசடைத் தீவுக்கு விடுகிற படகில் போங்கள், காற்று பலமானால் நிறுத்திவிடுவார்கள், அன்று சண்டை பிடிக்காமல் திரும்பிவிடுங்கள். ஒரு நாள் கூடுதலாக இருந்தால் தொண்டிப் பக்கம் காரங்காடு போங்கள். அலையாத்திக் காட்டுக்குள் படகு போகும், துடுப்புப் படகும் உண்டு, ஊர்க்காரர்களே வனத்துறையோடு சேர்ந்து நடத்துகிறார்கள். சாப்பாட்டுக்கு முன்கூட்டியே சொல்லிவிட்டால் மீனும் நண்டும் வீட்டுச் சமையலாகக் கிடைக்கும். என்னைக் கேட்டால் ராமேஸ்வரத்தில் ஒரு நாளைக் குறைத்துக்கூட அங்கே போகலாம். எந்தப் படகானாலும் பிள்ளைக்கு அளவான லைஃப் ஜாக்கெட் கேட்டு வாங்குங்கள், போட்டபின் ஜாக்கெட்டின் தோள்பட்டையைப் பிடித்துத் தூக்கினால் அது கழுத்துக்கு மேலே ஏறிவரக்கூடாது.

நாமக்கல்: ஜெல்லி மீன் கடித்தால் என்ன வைத்தியம்?

நாங்கள் சொறி என்போம். அது கடிப்பதில்லை, அதன் இழைகள் பட்டால் சுடும். உடனே கடல் தண்ணீராலேயே கழுவுங்கள், குழாய்த் தண்ணீர் ஊற்றினால் இன்னும் சுடும். மணலைப் போட்டுத் தேய்க்கவே கூடாது. ஒட்டியிருக்கும் இழையை ஒரு அட்டையாலோ குச்சியாலோ எடுத்துவிட்டு, பொறுக்கிற சூட்டில் வெந்நீரில் அந்த இடத்தை வைத்திருங்கள், நீங்கள் கை விட்டுப் பார்த்த பிறகு. மூச்சு வாங்கினாலோ முகம் வீங்கினாலோ காத்திருக்காமல் ஆஸ்பத்திரி. கரையில் செத்துக் கிடப்பதும் சுடும், பிள்ளைகள் குச்சியால் குத்தி விளையாட விடாதீர்கள்.

தஞ்சாவூர்: சங்கு, பவளம் வாங்கலாமா?

கடையில் பெயர் எழுதித் தருகிற சங்கு, சிப்பி மாலை, தாராளமாக. பவளப்பாறைத் துண்டு, காய்ந்த கடல்குதிரை, கடல் அட்டை யார் காட்டினாலும் தொடாதீர்கள், வன உயிரினச் சட்டப்படி குற்றம். கரையில் பொறுக்குகிற சிப்பியில் உள்ளே நண்டு குடியிருக்கிறதா என்று பாருங்கள். கையில் வைத்து அசையாமல் ஒரு நிமிடம் இருந்தால் கால் நீட்டிவிடும். குடியிருந்தால் எடுத்த இடத்திலேயே விடச் சொல்லுங்கள்.

மறுபடியும் திருப்பூர் அப்பா: கடைசியாக ஒன்று அக்கா, கார் முழுக்க மணல் ஆகிவிடுமே?

ஈரமாக இருக்கும்போது துடைக்காதீர்கள், காயட்டும். காய்ந்தபின் டால்கம் பவுடரைக் காலில் தூவித் தட்டினால் மணல் உதிர்ந்துவிடும். ஐந்து லிட்டர் கேன் இரண்டில் நல்ல தண்ணீர் பிடித்து டிக்கியில் வைத்துக்கொள்ளுங்கள், வெயிலில் நின்ற காரில் அது தானாகவே வெதுவெதுப்பாகியிருக்கும், சின்னவனைக் குளிப்பாட்ட அது போதும்.