மாந்தோப்பும் மூன்றாவது நீட்டும்

அன்புள்ள அண்ணா,

நான் காவேரிப்பட்டணம் பக்கத்துக் கிராமம். ஓசூர் சிப்காட்டில் ஷிஃப்ட் வேலை பார்க்கிறேன். என் தங்கை பத்தாவது வரை மெட்ரிகுலேஷன், பிளஸ் ஒன்னும் பிளஸ் டூவும் அரசுப் பள்ளி. அதனால் 7.5 சதவீத ஒதுக்கீட்டில் வரமாட்டாள் என்று சொல்லிவிட்டார்கள். 2024-ல் நீட் எழுதி 356 எடுத்தாள். ஒரு வருஷம் ஹாஸ்டலில் சேர்த்து கோச்சிங் கொடுத்தோம். 2025-ல் 402. இந்த முறையும் சீட் கிடைக்காது போலத் தெரிகிறது. இன்னொரு வருஷம் படித்தால் கண்டிப்பாக 550 வரும் என்று கோச்சிங் சென்டரில் சொல்கிறார்கள். ஃபீஸும் ஹாஸ்டலும் சேர்த்து ஒன்றரை லட்சம். மாங்காய் இந்த வருஷம் அடிமாட்டு விலைக்குப் போனது. அப்பா தோப்பில் அரை ஏக்கரை விற்றுவிடலாம் என்கிறார். பெங்களூரில் இருக்கும் சித்தப்பாவோ, "மார்க்கெல்லாம் ஒரு விஷயமே இல்லப்பா, புள்ளைய எதுலயாவது சேர்த்து விடுங்க" என்கிறார். தங்கை சொந்தக்காரர்கள் கல்யாணத்துக்குக்கூட வருவதை நிறுத்திவிட்டாள். போன இடத்தில் எல்லாம் "எத்தனை மார்க்கு?" என்றுதான் முதலில் கேட்கிறார்கள். இந்த மார்க் அவளைப் பற்றி உண்மையிலேயே எதையாவது சொல்கிறதா? நீங்கள் எழுதினால் அப்பா படிப்பார்.

மு.

அன்புள்ள தம்பி,

உங்கள் சித்தப்பா நல்ல மனசோடுதான் சொல்லியிருப்பார். ஆனால் அவர் சொல்வது சரியில்லை. மார்க் ஒரு விஷயமே இல்லை என்று சொல்வதற்குக் கையில் வேறு ஏதாவது இருக்க வேண்டும். பணமோ, சொத்தோ, தெரிந்த ஆளோ. அரை ஏக்கர் தோப்பை விற்பதா வேண்டாமா என்று உட்கார்ந்து பேசுகிற வீட்டில் மார்க் பெரிய விஷயம்தான். தருமபுரி அரசு மருத்துவக் கல்லூரி 2008-ல் வந்தது, 100 இடம். கிருஷ்ணகிரியில் 2022-ல் திறந்தது 150 இடம். நம் இரண்டு மாவட்டத்திலும் சேர்த்து அரசு இடம் 250. அதில் 15 சதவீதம் அகில இந்திய ஒதுக்கீட்டுக்குப் போகிறது, மீதிக்குத் தமிழ்நாடு முழுவதும் போட்டி. அந்த வாசலில் நிற்பவரிடம் மார்க்கைத் தவிர வேறு எதையும் கேட்கப் போவதில்லை. எனவே தங்கையிடம் யாரும் "மார்க்கை விடு" என்று சொல்ல வேண்டாம். இரண்டு வருஷம் அதற்காகவே உட்கார்ந்து படித்த பிள்ளைக்கு அது ஆறுதலாக இருக்காது. தான் பட்ட பாட்டை யாரும் மதிக்கவில்லை என்றுதான் அவளுக்குத் தோன்றும்.

ஆனால் உங்கள் கேள்வி சீட்டைப் பற்றியது இல்லையே. அவளைப் பற்றி மார்க் ஏதாவது சொல்கிறதா என்று கேட்கிறீர்கள். அதற்கு, மார்க் எங்கிருந்து வருகிறது என்று பார்க்க வேண்டும்.

2007 முதல் 2016 வரை நம் மாநிலத்தில் மருத்துவத்துக்கு நுழைவுத் தேர்வே கிடையாது. பிளஸ் டூ மார்க்கை வைத்து 200-க்குக் கட்-ஆஃப். அந்தக் காலத்தில் நாமக்கல்லில் தொடங்கி நம் பக்கம் வரை விடுதிப் பள்ளிகள் எப்படி நடந்தன என்று உங்கள் அப்பாவுக்குத் தெரிந்திருக்கும். பிளஸ் ஒன் புத்தகத்தைப் பெயருக்குப் புரட்டிவிட்டு, இரண்டு வருஷமும் பிளஸ் டூ பாடத்தையே உருப்போட வைத்தார்கள். பிள்ளைகள் 1200-க்கு 1150, 1170 என்று எடுத்தார்கள். 2017-ல் நீட் வந்ததும் அதே மாதிரி மார்க் எடுத்த பிள்ளைகள் பலர் தடுமாறினார்கள், ஏனென்றால் நீட்டில் பாதிக் கேள்வி பிளஸ் ஒன் பாடத்திலிருந்து வருகிறது. அந்தப் பிள்ளைகளின் மூளை ஒரே வருஷத்தில் மழுங்கிப் போனதா? பழக்கிய தேர்வு மாறியது, அவ்வளவுதான். எந்தத் தேர்வுக்கு எவ்வளவு காலம் யார் பழக்கினார்கள் என்பதைத்தான் மார்க் முதலில் காட்டுகிறது.

இதற்குக் கணக்கே இருக்கிறது. 2021-ல் நீதிபதி ஏ.கே. ராஜன் குழு தமிழக அரசுக்குக் கொடுத்த அறிக்கையைப் பாருங்கள். 2016-17-ல் எம்.பி.பி.எஸ். சேர்ந்தவர்களில் முந்தைய வருஷங்களில் பிளஸ் டூ முடித்துவிட்டு வந்தவர்கள் 12.47 சதவீதம். 2020-21-ல் அது 71.42 சதவீதம். சேர்ந்தவர்களில் பத்துக்கு ஏழு பேர் ஒரு வருஷமாவது வீட்டிலோ ஹாஸ்டலிலோ உட்கார்ந்து படித்துவிட்டு வந்தவர்கள். முதல் தடவை 356 எடுத்ததற்காக உங்கள் தங்கை தலைகுனிய ஒன்றுமே இல்லை. கல்யாண வீட்டில் கேட்கிறவர்களுக்கு இந்தக் கணக்கு தெரியாது. நீங்கள் சொல்லுங்கள்.

ஃப்ளெக்ஸ் போர்டு பற்றியும் சொல்ல வேண்டும். ரிசல்ட் வந்த வாரத்தில் நம் ஊர் பஸ் ஸ்டாண்டு பக்கமெல்லாம் வரிசையாக போட்டோ போட்டு "நீட் தேர்ச்சி" என்று கட்டுகிறார்கள். 2025-ல் பொதுப் பிரிவுக்குத் தகுதி மதிப்பெண் 720-க்கு 144. ஓ.பி.சி., எஸ்.சி., எஸ்.டி. பிரிவுகளுக்கு 113. எழுதியவர்களில் பாதிப் பேரைத் தாண்டினால் 50 பெர்சன்டைல், அதற்குப் பெயர் தகுதி. அந்த வருஷம் 22 லட்சத்துக்கு மேல் எழுதி 12 லட்சத்துக்கு மேல் தகுதி பெற்றார்கள். அப்போது நாடு முழுக்க எம்.பி.பி.எஸ். இடம் சுமார் 1.18 லட்சம். போர்டில் சிரிக்கிற பிள்ளைகளில் எத்தனை பேருக்கு சீட் என்பதை போர்டு சொல்வதில்லை. தகுதி மட்டும் பெற்று, வருஷத்துக்குப் பத்து லட்சத்துக்கு மேல் கட்ட வழியுள்ள வீட்டுப் பிள்ளை தனியார் கல்லூரியில் டாக்டருக்குப் படிக்க முடிகிறது. அதைவிட எவ்வளவோ மார்க் கூட எடுத்த உங்கள் தங்கை வீட்டில் உட்கார்ந்திருக்கிறாள். தரத்தை அளக்கத்தான் இந்த மார்க் என்றால் இது எப்படி நடக்கும்? 2023 செப்டம்பரில், எம்.பி.பி.எஸ். முடித்தவர்கள் மேற்படிப்புக்கு எழுதுகிற முதுநிலை நீட்டுக்குக் கட்-ஆஃபைப் பூஜ்யம் பெர்சன்டைல் ஆக்கினார்கள், தேர்வு எழுதியிருந்தாலே போதும் என்று. காலி இடம் நிரம்ப வேண்டியிருந்தது. இடத்துக்கு ஆள் கூடினால் கோடு மேலே ஏறும், குறைந்தால் கீழே இறங்கும். அந்தக் கோட்டில் போய் ஒரு பெண்ணின் அறிவை எங்கே தேடுவது?

இப்போது உங்கள் வீட்டுக் கணக்குக்கு வருகிறேன். 356-லிருந்து 402, ஒரு வருஷத்துக்கு வெறும் 46 மார்க் என்று நீங்கள் வருத்தப்படுவது தெரிகிறது. அந்த இரண்டு எண்ணையும் பக்கத்தில் பக்கத்தில் வைக்கக் கூடாது தம்பி. 2024-ல் முதலில் வந்த ரிசல்ட்டில் 67 பேர் 720-க்கு 720. 2025-ல் இந்தியாவிலேயே முதலிடம் வந்தவருக்கு 686. இயற்பியல் அவ்வளவு கடினமாக இருந்தது. வினாத்தாள் கடினமான வருஷத்தில் 402 எடுத்ததும், சுலபமான வருஷத்தில் 402 எடுத்ததும் ஒன்றாகாது. இரண்டு வருஷத்து ஸ்கோர் கார்டையும் எடுத்து மார்க்கை விட்டுவிட்டு ரேங்க்கைப் பாருங்கள். அவள் நீங்கள் நினைத்ததைவிட வெகுதூரம் முன்னேறியிருப்பாள் என்றே நினைக்கிறேன்.

இதே காரணத்தால்தான் "கண்டிப்பாக 550" என்ற பேச்சை நான் நம்பவில்லை. அடுத்த வருஷத் தாள் எப்படி இருக்கும் என்று யாருக்கும் தெரியாது. தாள் தெரியாமல் மார்க்குக்கு உத்தரவாதம் கொடுப்பவரிடம் நிலத்தை விற்ற பணத்தைக் கொண்டுபோய்க் கொடுக்காதீர்கள். அப்பாவுக்கும் சேர்த்தே சொல்கிறேன்: தோப்பை விற்க வேண்டாம். இரண்டு வருஷம் படித்த பிள்ளையிடம் புத்தகம் இருக்கிறது, மெட்டீரியல் இருக்கிறது. மூன்றாவது வருஷத்தில் அவளுக்கு வேண்டியது புதுப் பாடம் கிடையாது. எங்கே மார்க் போகிறது என்று கண்டுபிடிப்பதுதான்.

காரிமங்கலத்தில் எனக்குத் தெரிந்த ஒரு பெண் தப்பு நோட்டு என்று ஒன்று வைத்திருந்தாள். மாதிரித் தேர்வு எழுதி முடித்ததும் மொத்த மார்க்கைக் கடைசியில்தான் கூட்டுவாள். முதலில் தப்பான கேள்வி ஒவ்வொன்றின் எண்ணையும் எழுதி, பக்கத்தில் "தெரியாது", "மறந்துட்டேன்", "கேள்விய சரியா படிக்கல", "அவசரம்" என்று நான்கில் ஒன்றைக் குறிப்பாள். நான் புரட்டிப் பார்த்த பக்கங்களில் "கேள்விய சரியா படிக்கல" என்பதுதான் அதிகம். "தவறான கூற்று எது?" என்று கேட்டிருப்பார்கள், இவள் சரியான கூற்றுக்கு வட்டம் போட்டிருப்பாள். பாடம் முழுக்கத் தெரியும், மார்க் மட்டும் போச்சு. பிறகு "தவறான", "அல்லாத" என்ற சொல்லைப் பார்த்தால் பென்சிலால் அடிக்கோடு போடப் பழகினாள். பரீட்சை ஹாலில் பென்சிலுக்கு அனுமதி இல்லை என்று தெரிந்ததும் விரலை அந்தச் சொல்லின் மேல் வைத்துக்கொண்டு படிக்கப் பழகினாள். இதற்கு எந்த ஹாஸ்டலும் தேவைப்படவில்லை.

இன்னொன்று, தெரியாத கேள்வியைத் தொடாதே என்று பல இடங்களில் பயமுறுத்தி வைத்திருக்கிறார்கள். சரியானால் 4, தப்பானால் ஒன்று கழியும், நான்கு விடை. ஒன்றுமே தெரியாமல் 20 கேள்விக்கு குருட்டாம்போக்கில் போட்டால் சராசரியாக 5 சரியாகும். 20 வரும், 15 போகும், மிச்சம் 5. அதில் பெரிய லாபம் என்று சொல்ல முடியாது, விட்டுவிடலாம். ஆனால் நான்கில் இரண்டு நிச்சயமாக இல்லை என்று தள்ள முடிந்தால் கதையே வேறு. அப்படிப்பட்ட 10 கேள்விக்கு விடை போட்டால் 5 சரியாகும், 20 வந்து 5 போய் 15 மிஞ்சும். பயந்த பிள்ளைகள் இந்த இடத்தில்தான் மார்க்கை விடுகிறார்கள். 180 கேள்விக்கு 180 நிமிஷம், எதை விடுவது எதைப் போடுவது என்ற முடிவை ஹாலில் போய் யோசிக்க நேரம் இருக்காது. தங்கை எத்தனை கேள்வியை விட்டாள், அதில் பாதி தெரிந்தவை எத்தனை என்று தேர்வு முகமை வெளியிட்ட அவளுடைய ஓ.எம்.ஆர். விடைத்தாள் நகலையும் வினாத்தாளையும் வைத்து ஒரு நாள் உட்கார்ந்து பார்க்கச் சொல்லுங்கள். இயற்பியலில்தான் கூடுதலாக இருக்கும் என்பது என் ஊகம்.

உயிரியல் 90 கேள்வி, 360 மார்க். அது பெரும்பாலும் மத்திய அரசின் என்.சி.இ.ஆர்.டி. பாடப் புத்தகத்தின் வரிகளிலிருந்தே வருகிறது. அந்தப் புத்தகங்கள் இணையத்தில் இலவசம். பிளஸ் டூ படித்த அரசுப் பள்ளியில் அவளுடைய உயிரியல் டீச்சரைப் போய்ப் பார்க்கட்டும். பழைய மாணவி சந்தேகம் கேட்டு வந்தால் விரட்டுகிற டீச்சரை நான் நம் பக்கம் பார்த்ததில்லை.

மூன்றாவது முறை எழுதலாமா என்றால், அவளுக்கு ஆசை இருந்தால் எழுதட்டும். அப்பாவுக்கு ஆசை, உங்களுக்கு ஆசை என்பதற்காக வேண்டாம். கேட்கும்போது தனியாகக் கேளுங்கள், எல்லோரும் உட்கார்ந்திருக்கிற திண்ணையில் வைத்துக் கேட்டால் அவள் "சரி" என்றுதான் சொல்வாள். எழுதுவதாக இருந்தால் இதுதான் கடைசி என்று இப்போதே பேசி வைத்துக்கொள்ளுங்கள். நீட்டுக்கு வாய்ப்பு எத்தனை என்று வரம்பு கிடையாது, உச்ச வயதும் கிடையாது. அவர்கள் கோடு போடாததால் வீட்டில் நாம்தான் போட வேண்டும். நான்காவது, ஐந்தாவது வருஷம் என்று போய் இருபத்து மூன்று வயதில் கையில் எந்தப் படிப்பும் இல்லாமல் நிற்கிற பிள்ளைகளைப் பார்க்கும்போது எனக்கு வயிறு எரிகிறது.

அவள் வேண்டாம் என்றால் அதையும் தோல்வி என்று யாரும் வீட்டில் பேசக் கூடாது. பி.எஸ்சி. நர்சிங், பி.பார்ம். இவற்றுக்கு நம் மாநிலத்தில் பிளஸ் டூ மார்க்தான். கால்நடை மருத்துவத்துக்கும் மாநில இடங்களுக்குப் பிளஸ் டூ மார்க்கே. அது கிடைக்கக் கட்-ஆஃப் ரொம்ப உயர வேண்டும், அவளுடைய பிளஸ் டூ மார்க்கை நீங்கள் எழுதவில்லை. எதுவானாலும் ஒன்றை மட்டும் தள்ளிப் போடாதீர்கள்: எம்.பி.பி.எஸ்., பி.டி.எஸ். கவுன்சிலிங்கின் கடைசிச் சுற்று வரை பெயர் இருக்கட்டும், பாராமெடிக்கல் விண்ணப்பத்தையும் தனியாகப் போட்டு வையுங்கள். இரண்டும் வேறு வேறு விண்ணப்பம், கடைசித் தேதியும் வேறு. சாதிச் சான்றிதழ், இருப்பிடச் சான்றிதழ் எல்லாம் அவள் பெயரில் சரியாக இருக்கிறதா என்று இந்த வாரமே பார்த்துவிடுங்கள், இ-சேவை மையத்தில் கடைசி நாளில் கூட்டம் தாங்காது.

அப்பா என்னிடம் பேச விரும்பினால் நீங்கள் கடிதம் அனுப்பிய அதே முகவரிக்கு அவருடைய எண்ணை அனுப்புங்கள். நானே கூப்பிடுகிறேன்.