கடிகாரம் அழைக்கும், கதவைத் திறப்பது யார்?

கேள்வி: என் அம்மாவுக்கு 74 வயது. கும்பகோணத்தில் தனியாக இருக்கிறார். பெங்களூருக்கு எங்களோடு வர மறுக்கிறார். போன மாதம் குளியலறையில் வழுக்கி விழுந்து ஒரு மணி நேரம் எழ முடியாமல் கிடந்தார். கைப்பேசி கூடத்தில் சார்ஜில் இருந்திருக்கிறது. வீடு முழுக்க இணையக் கேமரா பொருத்திவிடலாமா?

பதில்: அன்புச் சகோதரி, அந்த ஒரு மணி நேரத்தை நினைத்தால் எனக்கும் மனம் பதைக்கிறது. ஆனாலும் கேமராவுக்கு அவசரப்படாதீர்கள். அம்மா விழுந்தது குளியலறையில். அங்கே கேமரா வைக்க முடியாது. கூடத்தில் வைப்பதற்கும் அவர் சம்மதம் வேண்டும். தன் வீட்டில் தன் போக்கில் வாழத்தானே அவர் ஊரை விட்டு வர மறுக்கிறார்!

விழுந்ததை உணர்ந்து, கைப்பேசியின் துணையில்லாமல் தானே அழைக்கக்கூடிய, தண்ணீர் புகாத கைக்கடிகாரம் வாங்கிக் கொடுங்கள். குளிக்கும்போது அதைக் கழற்றக் கூடாது. மாலையில் தொலைக்காட்சி பார்க்கும் நேரத்தில் சார்ஜ் போட்டுக்கொள்ளட்டும். இரவில் எழுந்து போகும்போது அது கையில் இருக்க வேண்டும். சுவரைப் பிடித்தபடி மெல்லச் சரிந்தால் கடிகாரத்துக்குத் தெரியாமல் போகலாம். அதனால் பொத்தானை அழுத்தி அழைக்கவும் பழக்குங்கள்.

அழைப்பு முதலில் பக்கத்து வீட்டுக்குப் போகட்டும், அடுத்து உங்களுக்கு. பெங்களூரிலிருந்து நீங்கள் 108-ஐ அழைத்தால் கர்நாடகத்தில்தான் எடுப்பார்கள்; பதற்றத்தில் இது நினைவுக்கு வராது. அம்மாவின் ஊரில் இருப்பவர்தான் ஆம்புலன்ஸை அழைக்க வேண்டும். வாட்ஸ்அப் வழியாக 108, 112 எண்களை அழைக்க முடியாது என்பதையும் அவரிடம் சொல்லிவையுங்கள். கடிகாரம் வீட்டு வைஃபை வழியாக அழைப்பதாக இருந்தால், மின்சாரம் நின்றதும் வைஃபையும் நின்றுவிடும் என்பதை மறக்காதீர்கள். மோடத்துக்கு ஒரு சிறிய யு.பி.எஸ். போதும்.

இதையெல்லாம்விட எனக்குக் கவலை தருவது தாழ்ப்பாள். பக்கத்து வீட்டில் சாவி கொடுத்திருப்பீர்கள். இரவில் அம்மா உள்தாழ்ப்பாள் போட்டுவிட்டால் அந்தச் சாவியால் என்ன பயன்? வெளியிலிருந்தும் சாவியால் திறக்கக்கூடிய பூட்டைப் பொருத்தி, உள்தாழ்ப்பாளை எடுத்துவிடுங்கள். குளியலறைத் தாழ்ப்பாளையும்தான்.

அடுத்த முறை ஊருக்குப் போகும்போது, பக்கத்து வீட்டாரிடம் முன்கூட்டியே சொல்லிவிட்டு, அம்மாவைக் கூடத்தில் தரையில் உட்காரச் சொல்லிப் பொத்தானை அழுத்தவையுங்கள். அவர்கள் கதவைத் திறந்து உள்ளே வர எத்தனை நிமிடம் ஆகிறது என்று பார்த்து எனக்கு எழுதுங்கள்.