14 அங்குலமா, 16 அங்குலமா? மடிக்கணினி அளவு பற்றிய கேள்வி பதில்

மடிக்கணினி வாங்குவது பற்றி வாசகர்கள் அனுப்பிய கேள்விகளில், திரையின் அளவைச் சுற்றி எழுந்தவற்றுக்கு மட்டும் இந்த இதழில் பதில் தருகிறோம்.

கேள்வி: நான் மொழிபெயர்ப்பு வேலை செய்கிறேன். மூலத்தை ஒரு பக்கமும் என் பிரதியை மறுபக்கமும் திறந்து வைத்துக்கொண்டு நாள் முழுவதும் எழுத வேண்டியிருக்கிறது. வாரத்தில் இரண்டு மூன்று நாள் மடிக்கணினியை வெளியே எடுத்துச் செல்கிறேன். 14 அங்குலத்தில் ஒன்றும் 15.6 அங்குலத்தில் ஒன்றும் பார்த்து வைத்திருக்கிறேன். பிராசஸர், ரேம், எஸ்எஸ்டி எல்லாம் இரண்டிலும் ஒன்றே. திரை பெரிதாக இருந்தால்தான் இந்த வேலைக்குச் சரிப்படும் என்கிறார் என் கணவர். எதை வாங்குவது?

பதில்: 14 அங்குலத்தையே வாங்குங்கள் என்பது என் கருத்து. ஆனால் அதன் திரை 16:10 விகிதத்தில் (அகலம் 16 பங்கு என்றால் உயரம் 10 பங்கு) அமைந்ததா என்பதை முதலில் பார்த்துக்கொள்ளுங்கள். 16:9 என்றால் இதே பதிலை இவ்வளவு உறுதியாகச் சொல்ல மாட்டேன்.

விளம்பரத்தில் காணும் அங்குலக் கணக்கு, திரையின் ஒரு மூலையிலிருந்து எதிர் மூலைக்கு அளந்த நீளம். அந்த ஓர் எண்ணை மட்டும் வைத்துக்கொண்டு அகலத்தையும் உயரத்தையும் அறிய முடியாது. 15.6 அங்குலத் திரைகள் பெரும்பாலும் 16:9 விகிதத்தில் வருகின்றன; அவற்றின் அகலம் சுமார் 34.5 செ.மீ., உயரம் சுமார் 19.4 செ.மீ. அண்மைக் காலத்து 14 அங்குலத் திரைகளில் பல 16:10 விகிதத்தில் அமைந்தவை. அவற்றின் அகலம் சுமார் 30.2 செ.மீ., உயரம் சுமார் 18.9 செ.மீ. ஆக, உயரத்தில் வித்தியாசம் அரை சென்டிமீட்டரைச் சற்றே தாண்டுகிறது. ஒரே நேரத்தில் எத்தனை வரிகள் கண்ணுக்குத் தெரிகின்றன என்பதை உயரம்தான் தீர்மானிக்கிறது என்பதால், எழுத்து வேலை செய்பவர் இந்த விஷயத்தில் பெரிதாக எதையும் இழப்பதில்லை. அதே 14 அங்குலம் 16:9 விகிதத்தில் இருந்தால் உயரம் 17.4 செ.மீ. ஆகக் குறைந்துவிடும், கோப்பின் மேலே பட்டியல்களும் கீழே பணிப்பட்டையும் எடுத்துக்கொண்டது போக மிஞ்சும் இடத்தில் எழுதிப் பார்த்தவர்களுக்கு அந்தக் குறைவு நன்றாகவே தெரியும்.

உங்கள் கணவர் சொல்வதிலும் நியாயம் இருக்கிறது. 14 அங்குலத் திரையில் 1920×1200 பிக்சல்களும் (காட்சியை உருவாக்கும் நுண்புள்ளிகள்) 15.6 அங்குலத் திரையில் 1920×1080 பிக்சல்களும் இருப்பதாகக் கொள்வோம். இரண்டிலும் ஸ்கேலிங் (எழுத்துகளையும் படங்களையும் பெரிதாக்கிக் காட்டும் அமைப்பு) ஒரே அளவாக இருந்தால், சிறிய திரையில் எழுத்துகள் ஏறத்தாழ எட்டில் ஒரு பங்கு சிறுத்துத் தெரியும். அதைச் சரிசெய்யப் பெரிய திரையில் 125 சதவீதமும் சிறியதில் 150 சதவீதமும் வைத்தால் எழுத்தின் அளவு கிட்டத்தட்டச் சமமாகிவிடும். ஆனால் திரையில் கொள்ளும் விஷயம் குறைந்துவிடும். பெரிய திரை 1536 புள்ளி அகலமுள்ள திரையைப் போலவும், சிறிய திரை 1280 புள்ளி அகலமுள்ள திரையைப் போலவும் நடந்துகொள்ளும். இரண்டு கோப்புகளைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்து வேலை செய்யும் உங்களுக்கு அந்த வித்தியாசம் உறுத்தக்கூடியதே.

அப்படியிருந்தும் சிறியதைச் சொல்வதற்குக் காரணம் ஓர் எளிய அளவுக் கணக்கு. ஏ4 தாளின் அகலம் 21 செ.மீ.; இரண்டு தாள்களை உண்மை அளவில் அருகருகே வைக்க 42 செ.மீ. வேண்டும். 14 அங்குலத்தின் 30 செ.மீ.யிலும் அது அடங்காது, 15.6 அங்குலத்தின் 34.5 செ.மீ.யிலும் அடங்காது, 17.3 அங்குலத் திரையை வாங்கினாலும் 38 செ.மீ.தான் கிடைக்கும். மேசை மேல் வைக்கும் சாதாரண 24 அங்குல மானிட்டரின் அகலம் 53 செ.மீ. அதாவது, உங்கள் வேலைக்குத் தேவையான இடத்தை எந்த மடிக்கணினியும் தராது. எச்டிஎம்ஐ கேபிளிலோ, காட்சியைக் கடத்தக்கூடிய டைப்-சி வழியிலோ இணைக்கும் மானிட்டர் தரும். வீட்டில் அந்த ஏற்பாட்டைச் செய்துகொண்டால் 14 அங்குலக் கணினியே அங்கே பெரிய கணினியாகிவிடும், கழுத்தைக் குனிந்தபடி மணிக்கணக்கில் உட்கார வேண்டிய அவசியமும் குறையும். பெரிய கணினியின் எடையைக் குறைக்க இது போன்ற மாற்று வழி எதுவும் கிடையாது.

எடையைப் பார்க்கும்போது சார்ஜரையும் சேர்த்துப் பாருங்கள். பொதுவான 14 அங்குலக் கணினிகள் 1.2 முதல் 1.6 கிலோ வரையிலும், 15.6 அங்குலக் கணினிகள் 1.6 முதல் 2.2 கிலோ வரையிலும் இருக்கின்றன. கடையில் ஒரு நிமிடம் கையில் தூக்கிப் பார்க்கும்போது அரைக் கிலோ ஒரு பொருட்டாகவே தெரியாது. படிக்கட்டிலும் பேருந்திலும் தோளில் தொங்கும்போதுதான் தெரியும். சுமக்கப் போகிறவர் நீங்கள் என்பதால் இந்த ஒரு விஷயத்தில் கணவரின் கருத்தை இரண்டாவதாக வைத்துக்கொள்வதில் தவறில்லை.

கேள்வி: வீடியோ எடிட்டிங் கற்றுக்கொள்கிறேன். ஒரே பெயருள்ள பிராசஸரும் ஒரே பெயருள்ள கிராஃபிக்ஸ் சிப்பும் கொண்ட மெல்லிய 14 அங்குலக் கணினிக்கும் தடித்த 16 அங்குலக் கணினிக்கும் வேகத்தில் வித்தியாசம் இருக்குமா?

பதில்: இருக்கும், சில சமயம் வியக்கும் அளவுக்கு இருக்கும். சிப்பின் வேகம் அதற்குக் கிடைக்கும் மின்திறனைப் பொறுத்தது. எவ்வளவு மின்திறனைக் கொடுக்கலாம் என்பது, அதனால் எழும் வெப்பத்தை அந்த உடல் எவ்வளவு விரைவாக வெளியேற்றும் என்பதைப் பொறுத்தது. பெரிய உடலில் பெரிய ஃபேன்களுக்கும் கூடுதல் செம்புக் குழாய்களுக்கும் இடம் உண்டு. மடிக்கணினிகளுக்கான ஆர்டிஎக்ஸ் 4060 சிப்பையே எடுத்துக்கொள்ளுங்கள்: அதைக் கணினித் தயாரிப்பாளர் 35 வாட் முதல் 115 வாட் வரை எந்த அளவிலும் அமைத்துக்கொள்ள அனுமதி உண்டு. பெட்டியின் மேல் அச்சிடப்படும் பெயரோ ஒன்றுதான். ஆகவே விற்பவரிடம் சிப்பின் பெயரைக் கேட்பதோடு நிறுத்தாமல், அந்தக் குறிப்பிட்ட மாடலில் அது எத்தனை வாட்டில் இயங்குகிறது என்றும் கேளுங்கள். அவருக்குத் தெரியாவிட்டால் தயாரிப்பாளரின் இணையதளத்தில் அந்த மாடலின் விவரப் பட்டியலில் தேடிப் பாருங்கள்.

இதில் இன்னொரு நுட்பமும் உண்டு. இரண்டு நிமிடத்தில் முடியும் வேலையில் மெல்லிய கணினி பெரியதற்கு இணையாக ஓடிக் காட்டக்கூடும், ஏனென்றால் உடல் சூடாவதற்குள் வேலை முடிந்துவிடுகிறது. அரை மணி நேரம் நீளும் ரெண்டரிங்கில் (எடிட் செய்த வீடியோவை முழுக் கோப்பாக உருவாக்கும் வேலையில்) அதே கணினி தன்னைக் காத்துக்கொள்ள வேகத்தைக் குறைக்கும். ஃபேனின் இரைச்சலும் அப்போதுதான் ஏறும். எழுதுவதும் இணையம் பார்ப்பதும் அவ்வப்போது சில நொடிகள் மட்டும் முழு வேகத்தைக் கேட்கும் வேலைகள் என்பதால் அவற்றுக்கு இந்தப் பேச்சே தேவையில்லை. உங்கள் வேலை அப்படிப்பட்டதல்ல, எனவே 16 அங்குலத்தை எடுங்கள். ரேம், எஸ்எஸ்டி ஆகியவற்றைப் பின்னாளில் கூட்டிக்கொள்ளும் வசதியும் பெரிய உடல்களில்தான் அதிகம் கிடைக்கிறது. மெல்லிய கணினிகள் பலவற்றில் ரேம் மதர்போர்டோடு சேர்த்துப் பற்றவைக்கப்பட்டிருக்கும், வாங்கிய நாளில் உள்ளதுதான் கடைசி வரை. ஆனால் இவ்வகைக் கணினிகளின் சார்ஜர் அதிக வாட் கொண்டது, பருமனானது, கணினியோடு சேர்த்தால் மூன்று கிலோவைத் தொடுவதும் உண்டு. தினமும் வகுப்புக்குத் தூக்கிச் செல்ல வேண்டியிருந்தால் அதற்கு மனத்தைத் தயார்ப்படுத்திக்கொள்ளுங்கள்.

கேள்வி: கணக்கு வேலை செய்கிறேன். வலப்பக்கம் எண் விசைகள் வேண்டும் என்பதற்காகவே பெரிய கணினி வாங்கலாமா?

பதில்: நாளெல்லாம் எண்களைத்தான் உள்ளிடுகிறீர்கள் என்றால் வாங்கலாம். ஆனால் எண் விசைகளுக்கு இடம் கொடுப்பதற்காக எழுத்து விசைகளும் அவற்றின் கீழுள்ள டச்பேடும் இடப்பக்கம் தள்ளிப்போகும். கைகள் ஒரு பக்கமும் திரையின் நடு இன்னொரு பக்கமுமாக உட்கார வேண்டிவரும். எனக்கு அந்த அமைப்பு பிடிப்பதில்லை. எண் விசைகள் மட்டுமே உள்ள சிறு பலகை யுஎஸ்பியில் இணைக்கும்படி தனியாகவே கிடைக்கிறது, அதை வலப்பக்கமோ இடப்பக்கமோ வசதிப்படி வைத்துக்கொள்ளலாம். தவிர, பெரிய கணினி என்றாலே எண் விசைகள் இருக்கும் என்று நினைத்துவிட வேண்டாம். 16 அங்குல மேக்புக் ப்ரோவில் அவை இல்லை.

கேள்வி: என் தந்தைக்கு எழுபது வயது. எழுத்துகள் சிறிதாக இருப்பதால் படிக்க முடியவில்லை என்கிறார். 17.3 அங்குலக் கணினி வாங்கித் தரட்டுமா?

பதில்: அவசரப்பட வேண்டாம். பிக்சல் எண்ணிக்கை 1920×1080 என்று ஒன்றாகவே இருந்தால், 15.6 அங்குலத்திலிருந்து 17.3 அங்குலத்துக்குப் போவதால் எழுத்து ஏறத்தாழ பத்தில் ஒரு பங்குதான் பெரிதாகும். இப்போதிருக்கும் கணினியிலேயே ஸ்கேலிங்கை 100 சதவீதத்திலிருந்து 150 சதவீதத்துக்கு மாற்றினால் எழுத்து ஒன்றரை மடங்காகும், அதற்குச் செலவே இல்லை. முதலில் அதைச் செய்து கொடுத்து ஒரு வாரம் பயன்படுத்தச் சொல்லுங்கள். அதன் பிறகும் பெரிய திரை வேண்டும் என்றால், அவர் எங்கே உட்கார்ந்து பயன்படுத்துகிறார் என்பதைப் பாருங்கள். மேசையில் என்றால் இருக்கும் கணினியோடு 24 அங்குல மானிட்டரை இணைப்பதே மேல். சாய்வு நாற்காலியில் மடிமேல் வைத்துக்கொள்பவர் என்றால் 17.3 அங்குலம் சரிப்படாது: அதன் உடல் 38 செ.மீ.க்கும் மேல் அகலமானது, இரு பக்கமும் துருத்திக்கொண்டு நிற்கும், தொடையில் எடையும் உறைக்கும். திரையில் வெளிச்சம் பட்டுக் கூசாத மேட் வகைத் திரையாக இருப்பது, முதியவர்களுக்கு அங்குலக் கணக்கைவிட உதவும்.

கேள்வி: பெரிய கணினியில் பேட்டரியும் பெரிதாக இருக்கும், எனவே அதிக நேரம் தாங்கும் என்பது சரியா?

பதில்: பாதி சரி. இடம் இருப்பதால் பெரிய பேட்டரி வைக்கலாம்; ஆனால் பெரிய திரையை ஒளிரச் செய்யவும் வேகமான சிப்பை இயக்கவும் மின்சாரம் கூடுதலாகச் செலவாகும். மேலும், தனி அனுமதி இல்லாமல் விமானத்தில் கொண்டு செல்லக்கூடிய மடிக்கணினி பேட்டரிக்கு 100 வாட்-மணி (பேட்டரியில் சேமிக்கக்கூடிய மின்சாரத்தின் அளவு) என்ற வரம்பு இருப்பதால், மிகப் பெரிய கணினிகளின் பேட்டரியும் அதற்குச் சற்றுக் கீழேயே நின்றுவிடுகிறது. அளவை வைத்து முடிவு செய்யாமல், அந்தக் குறிப்பிட்ட மாடலைச் சோதித்தவர்களின் கணக்கைப் பாருங்கள்.

கேள்வி: என்னிடம் இருப்பது 15.6 அங்குலக் கணினிக்கான பை. புதிதாக வாங்கும் 16 அங்குலக் கணினி அதில் நுழையுமா?

பதில்: பெரும்பாலும் நுழையும். 16:10 விகிதமுள்ள 16 அங்குலத் திரையின் அகலமும் 34.5 செ.மீ.தான், உயரம்தான் இரண்டு சென்டிமீட்டர் கூடுதல். பழைய 15.6 அங்குலக் கணினிகளில் திரையைச் சுற்றிய விளிம்பு அகலமாக இருந்ததால், அக்காலத்துப் பைகள் தாராளமாகவே தைக்கப்பட்டிருக்கும். ஆனாலும் கணினியின் நீள அகலத்தை மில்லிமீட்டரில் குறித்துக்கொண்டு, பையின் உள்ளறையை ஸ்கேலால் அளந்து பாருங்கள். ஜிப் மூடும் மூலைகளில் ஒரு சென்டிமீட்டராவது மிச்சம் இருக்க வேண்டும்.